தனியப் படத்துக்குப் போக நெஞ்சு படபடக்குது எண்டு கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, உங்கட கேள்விய ரண்டு மூண்டு தரம் ஆறுதலா வாசிச்சன். கிளிநொச்சில வேலை, 26 வயசு, சின்னனில இருந்தே படம் எண்டா உயிர், முந்தி கூட வாற ரண்டு சிநேகிதியளில ஒராள் கனடாவுக்கும் மற்றாள் கலியாணம் கட்டி மன்னாருக்கும் போயிட்டினம், இப்ப தனியப் போவம் எண்டு நினைச்சாலே வயித்துக்குள்ள ஏதோ பிசையுது, போன மாசம் வவுனியாவுக்கு பஸ் ஏறி தியேட்டர் வாசல் மட்டும் போயிட்டு ரிக்கற் எடுக்காமலே திரும்பி வந்திட்டியள். இது ஒரு வருத்தமோ இல்லாட்டி நான் தான் கோழையோ எண்டு கேட்டிருக்கிறியள். கடைசியா ஒரு வரி, இருட்டுக்குள்ள பெரிய சத்தம் வந்தா உடம்பு தன்ர பாட்டில சுருங்குது எண்டு. அந்த வரிய நீங்கள் போற போக்கில எழுதின மாதிரி இருக்குது, ஆனா எனக்கு அதுதான் முக்கியமாப் பட்டது, கொஞ்சம் பிந்தி அதுக்கு வாறன்.

நான் வன்னியில கன வருசமா உளவளத்துணை வேலை செய்யிறனான். முதல்ல கோழையோ எண்டு கேட்டதுக்குப் பதில் சொல்லுறன். கோழை எழுபது எண்பது கிலோமீற்றர் பஸ்ஸில போய் வாசலில நிண்டிருக்க மாட்டா. பயத்தோட அவ்வளவு தூரம் போயிருக்கிறியள், கடைசி பத்து அடி தான் மிச்சம் இருந்தது.

எங்கட ஆக்களுக்கு படம் எண்டுறது எப்பவுமே கூட்டத்தோட பாக்கிற ஒண்டு. தொண்ணூறுகளில வன்னிக்குள்ள கரண்ட் இல்லை, சைக்கிளக் கவிட்டு வைச்சு டைனமோவச் சுத்தி றேடியோ கேட்ட சனம் நாங்கள். ஒரு வீட்டில ஜெனரேற்றரும் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்தா அந்த ஒழுங்கை முழுக்க பாயோட வந்திடும், முன்னுக்கு சின்னப்பிள்ளையள், பின்னால அம்மாமார், வேலிக்கரையில பெடியள் சைக்கிள்ள சாஞ்சபடி, விடியும் வரைக்கும் மூண்டு படம் ஓடும், மண்ணெண்ணெய் முடிஞ்சா பாதிப் படத்தோட எல்லாரும் எழும்பிப் போறது. அப்பிடிப் பாத்துப் பழகின அம்மா அப்பாவுக்குப் பிறந்த பிள்ளை நீங்கள். அதால தனியப் போய் ஒரு சீற்றில இருக்கிறது உங்களுக்கு ஏதோ குறை மாதிரி, ஆக்கள் இல்லாத ஆள் மாதிரித் தெரியுது. "ஏன் பிள்ளை தனிய வந்தனீ?" எண்டு ஆரும் கேக்க முதலே உங்கட மனசு கேக்குது. கலியாண வீட்டுக்குத் தனியப் போறது அந்தரம் தான், அங்க நாலு பேரோட கதைக்க வேணும். தியேட்டருக்குள்ள எல்லாரும் இருட்டுக்குள்ள ஒரே பக்கம் பாத்துக்கொண்டு வாய மூடி இருக்கிறது, ரண்டரை மணித்தியாலத்தில பக்கத்தில இருக்கிற ஆளோட கதைக்கிறது மிஞ்சினா பத்து நிமிசம்.

சரி, எல்லாரும் என்னைத்தான் பாக்கினம் எண்ட எண்ணத்துக்கு வருவம். இத ஆராய்ச்சி செய்து பாத்திருக்கினம். அமெரிக்காவில கோர்னெல் பல்கலைக்கழகத்தில தோமஸ் கிலோவிச் எண்ட உளவியலாளரும் கூட வேலை செய்தவையும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு. மாணவர் ஒராளுக்கு, போட வெக்கப்படுற மாதிரி ஒரு பாட்டுக்காரன்ர முகம் பெருசாப் போட்ட ரீசேட்டப் போட வைச்சு, வேற மாணவர் இருக்கிற அறைக்குள்ள அனுப்பிப்போட்டு, எத்தினை பேர் உன்ர ரீசேட்டக் கவனிச்சிருப்பினம் எண்டு கேட்டா, கிட்டத்தட்ட பாதிப்பேர் எண்டு சொல்லுறார். அறைக்குள்ள இருந்தவையக் கேட்டா காவாசிப் பேருக்குத்தான் அது ஆற்ற படம் எண்டு தெரிஞ்சிருக்குது. அதுவும் அது கண்ணுக்கு முன்னால நிக்கிற ரீசேட். நீங்கள் தனிய வந்திருக்கிறியள் எண்டுறத ஒராள் கண்டுபிடிக்கிறதெண்டா உங்களுக்கு ரண்டு பக்கமும் ஆர் இருக்கினம், அவை உங்களோட கதைக்கினமோ எண்டு கவனமாப் பாத்துக்கொண்டெல்லோ இருக்க வேணும். அவ்வளவு மினக்கெட ஆருக்கு நேரம்.

இன்னொரு ஆய்வும் சொல்லவேணும், உங்கட விசயத்துக்கு அது இன்னும் கிட்ட. 2015ல ரெபெக்கா ரட்னர், ரெபெக்கா ஹமில்ரன் எண்டு ரண்டு பேர் செய்தது. தனிய ஒரு ஓவியக் கண்காட்சிக்குள்ள போறதுக்கு முதல், இது உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும் எண்டு ஆக்களக் கேட்டா தனியப் போறவை குறைவாத்தான் பிடிக்கும் எண்டு நினைக்கினம். உள்ள போய் பாத்திட்டு வந்த பிறகு கேட்டா தனியப் போனவைக்கும் கூட்டாப் போனவைக்கும் சந்தோசத்தில சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. அதால போக முதல் உங்கட மனசு "இது சரிவராது, சந்தோசமா இராது" எண்டு சொல்லுற கணக்க அப்பிடியே நம்பாதேங்கோ. அந்தக் கணக்கு பிழைக்கிறது வழமை.

இப்ப வாசலில இருந்து திரும்பின அந்த நாளப் பற்றி. நான் நினைக்கிறன், திரும்பி பஸ் ஸ்ராண்டுக்கு நடக்கத் தொடங்கின உடன நெஞ்சு லேசாகியிருக்கும், பஸ்ஸில ஏறி இருந்தோண்ண பெரிய நிம்மதி வந்திருக்கும், ஓமந்தை தாண்ட முதல் கவலை வந்திருக்கும். அந்த நிம்மதி தான் பிரச்சினை தங்கச்சி. மூளைக்குள்ள அமிக்டலா எண்டு ஒரு சின்னப் பகுதி இருக்குது, ஆபத்துக்கு மணி அடிக்கிற வேலை அதின்ர வேலை. நீங்கள் ஓடினோண்ண மணி நிண்டிட்டுது. அப்ப மூளை என்ன படிக்குது? "அங்க ஆபத்து இருந்தது, நாங்கள் தப்பிட்டம், அடுத்த முறை இன்னும் முந்தி மணி அடிப்பம்." அதால அடுத்த முறை பஸ் ஏறேக்கயே படபடப்புத் தொடங்கும், அதுக்கடுத்த முறை வெளிக்கிட உடுப்பு எடுக்கேக்கயே தொடங்கும். இது பயத்தின்ர இயல்பு, உங்கட குணத்தில பிழை இல்லை. நீங்கள் அங்கேயே நிண்டிருந்தா வேற ஒண்டு நடந்திருக்கும். அட்ரினலின் ஏறினா ஏறினபடி நிக்கிறேல்லை, கொஞ்ச நிமிசத்தில உச்சத்துக்குப் போய் பிறகு தானா இறங்கத் தொடங்கும், உடம்பால அந்த வேகத்தக் கனநேரம் தாக்குப்பிடிக்க ஏலாது. இறங்கிறத நீங்கள் ஒருக்காவும் பாக்கேல்லை, ஏனெண்டா உச்சத்தில நிக்கேக்கயே திரும்பி வந்திட்டியள்.

பயத்தப் படிப்படியாப் பழக்கி எடுக்கிறது புதுசா வந்த வித்தை இல்லை. 1924ல மேரி கவர் ஜோன்ஸ் எண்ட பெண் உளவியலாளர், முயலக் கண்டா அழுற பீற்றர் எண்ட மூண்டு வயசு மட்டில ஒரு பிள்ளைக்குச் செய்ததப் பற்றி எழுதினவ. பிள்ளை தனக்குப் பிடிச்ச சாப்பாட்டச் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க முயலக் கூட்டோட தூரத்தில கொண்டு வந்து வைக்கிறது, அழாத தூரத்தில தான், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக் கிட்ட, கடைசியா அந்தப் பிள்ளை முயலத் தடவி விளையாடுற அளவுக்கு வந்திட்டுது. ஒருத்தரும் அவன இழுத்துக்கொண்டு போய் முயலுக்கு முன்னால விடேல்லை, பயம் போனாப்பிறகு வா எண்டு காத்துக்கொண்டிருக்கவும் இல்லை. உங்களுக்கும் அப்பிடித்தான் செய்ய வேணும், வவுனியாத் தியேட்டர் உங்கட முயல்.

முதல் வீட்டில, ஒரு ஞாயிற்றுக்கிழமை, லப்டொப்பில ஒரு படம் தனிய, லைற் நூத்து, கைத்தொலைபேசிய மற்ற அறையில வைச்சிட்டு, நடுவில நிப்பாட்டாமப் பாருங்கோ. லேசா இருந்தா நல்லது, அடுத்ததுக்குப் போங்கோ. பிறகு டவுனில ஒரு கூல் ஸ்பொட்டில தனியப் போய் ஒரு ஐஸ்கிறீம் எடுத்து, அரை மணித்தியாலம் இருந்து சாப்பிட்டிட்டு வாங்கோ, இத நாலு அஞ்சு தரம் செய்யுங்கோ, இது சின்ன விசயம் மாதிரித் தெரியும் ஆனா தனிய ஒரு கதிரையில நாலு பேருக்கு முன்னால இருக்கிற அந்தரம் இங்கதான் கரையும். அதுக்குப் பிறகு தியேட்டர். ஆனா படம் பாக்க இல்லை. வேற அலுவலா வவுனியாவோ யாழ்ப்பாணமோ போற நாளில உள்ளுக்கப் போய், காட்சி நேரங்களக் கேட்டு, போஸ்ரர்களப் பாத்து, அங்க நில்லுங்கோ. நிக்கேக்க பயம் பத்துக்கு எத்தினை எண்டு மனசுக்குள்ள ஒரு இலக்கம் போடுங்கோ. எட்டில இருந்தா நாலுக்கு இறங்கும் மட்டும் நிண்டிட்டு வெளிக்கிடுங்கோ, அது பத்து நிமிசமும் ஆகலாம் அரை மணித்தியாலமும் ஆகலாம். எட்டில நிக்கேக்க மட்டும் வெளிக்கிடாதேங்கோ.

படத்துக்குப் போறதெண்டா பெரிய நடிகர்மாரின்ர படம் வந்த முதல் நாள் போகாதேங்கோ, விசில், பட்டாசு, தள்ளுமுள்ளு, அது பழகின ஆக்களுக்கே கஸ்ரம். வந்து ரண்டு மூண்டு கிழமை ஆன படம், கிழமை நாள் ஒண்டில லீவு போட்டு, பகல் காட்சி. கரைச் சீற், வெளிய போற வாசல் தெரியிற மாதிரி. யாழ்ப்பாணம் காகில்ஸ் ஸ்குவயருக்குள்ள இருக்கிற மாதிரி கடைத்தொகுதிக்குள்ள இருக்கிற தியேட்டர் எண்டா முதல் தரத்துக்கு லேசு, ஏனெண்டா கடைக்கு வந்த சனத்தோட சனமா ஏறிப் போகலாம்.

இடைவேளை. தனியப் போகப் பயப்பிடுற ஆக்களோட கதைக்கேக்க நான் கண்டது, அவைக்குப் படம் ஓடுற நேரம் பெரிசாப் பிரச்சினை இல்லை, இடைவேளைக்கு லைற் போடுற அந்தப் பதினஞ்சு நிமிசம் தான். எல்லாரும் எழும்பித் திரும்பி பின்னுக்குப் பாக்கினம், பிள்ளையள் ஓடுதுகள், குடும்பம் குடும்பமா ரோல்ஸ் வாங்கப் போகினம், நீங்கள் மட்டும் நடுவில. அந்த நேரம் கை தானா போனுக்குப் போகும். இல்லாட்டி ஷோலால முகத்த மூடுறது, காதில இயர்போன் போடுறது, லைற் நூத்தாப்பிறகு உள்ளுக்க வந்து லைற் போட முதல் வெளிய போறது, இதெல்லாம் ஒளிக்கிற வழியள். டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் எண்ட ரண்டு பேர் 1995ல சமூகப் பயத்தப் பற்றி எழுதினதில முக்கியமான விசயமே இதுதான்: இந்த ஒளிப்பு வேலையள் அந்த நேரத்துக்கு உதவுற மாதிரி இருந்தாலும் பயத்த உயிரோட வைச்சிருக்கும், ஏனெண்டா "ஒளிச்சதால தான் தப்பினன்" எண்டு மனசு எழுதி வைச்சிடும். அவை சொன்ன மற்ற விசயம், பயப்பிடுற ஆள் தன்னையே பாத்துக்கொண்டிருக்கிறார், முகம் சிவக்குதோ, கை நடுங்குதோ, நான் எப்பிடித் தெரியிறன் எண்டு, அதால வெளிய உண்மையா என்ன நடக்குதெண்டு அவருக்குத் தெரியிறேல்லை.

அதால இடைவேளைக்கு இப்பிடிச் செய்யுங்கோ. லைற் போட்ட உடன எழும்புங்கோ. வெளிய போய் ஒரு சரை கச்சானோ ஒரு தேத்தண்ணியோ வாங்குங்கோ, வாங்கேக்க விக்கிறவரின்ர முகத்தப் பாத்து "இது எவ்வளவு அண்ணை" எண்டு வாய் திறந்து கேளுங்கோ. திரும்பி வந்து சீற்றில இருந்து கச்சான ஒண்டொண்டா உடைச்சுச் சாப்பிட்டுக்கொண்டு சனத்தப் பாருங்கோ. மூண்டாவது வரியில இருக்கிற பிள்ளை என்ன நிறச் சட்டை, அந்த அப்பா எத்தினை ரோல்ஸ் கொண்டு போறார், ஆர் ஆர் தனிய வந்திருக்கினம். தனிய வந்தவை இருப்பினம், தேடினாத் தெரியும், சந்தைக்கு வந்த இடத்தில ஒரு படத்தப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்த ஐயாமார் எப்பவும் ரண்டு பேராவது இருப்பினம். கண் வெளிய போனா பயத்துக்குச் சாப்பாடு குறைஞ்சிடும்.

இப்ப அந்தக் கடைசி வரி. 26 வயசெண்டா 2009ல உங்களுக்குப் பத்து வயசு மட்டில இருந்திருக்கும். எங்க இருந்தியள் எண்டு நான் கேக்கேல்லை. ஆனா அந்த வயசில வன்னியில இருந்த பிள்ளையளுக்கு இருட்டு, ஆக்கள் நெருக்கமா இருக்கிற இடம், நிலம் அதிருற சத்தம், இந்த மூண்டும் ஒண்டா வந்தா அது பங்கர். அம்மாமாரின்ர சாறியில தைச்ச மண்மூட்டை, தலைக்கு மேல பனங்குத்தி, வெளிய விழுற ஷெல். தியேட்டருக்குள்ள அதே மூண்டும் ஒண்டா வருது. மனசுக்கு இது படம் எண்டு தெரியும், உடம்புக்கு அது தெரிய ஒரு வினாடி பிந்தும், அந்த ஒரு வினாடிக்குள்ள உடம்பு சுருங்கிடும். வன்னிச் சனத்தின்ர இந்தக் கூட்டு மனவடுவப் பற்றி பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010லயே விரிவா எழுதினவர், இது தனி ஆளுக்கு மட்டும் வந்த காயம் இல்லை, ஊருக்கே, குடும்பங்களுக்கே வந்தது எண்டு.

எனக்கும் வந்தது. சண்டை முடிய இடம்பெயர்ந்த சனத்த வைச்சிருந்த மெனிக்பாம் முகாமில இருந்து வெளிய வந்து ஒரு வருசத்துக்குப் பிறகு, 2011ல, வவுனியாவில ஒரு பகல் காட்சிக்குத் தனியப் போனன். படம் தொடங்கிப் பத்து நிமிசத்தில ஒரு ஹெலிகொப்ரர் சத்தம், தியேட்டர் முழுக்கச் சுத்திச் சுத்தி வருது, என்ர ரண்டு கையும் கதிரைக் கைபிடியப் பிடிச்ச பிடியில நகம் நோகுது, கால் ரண்டும் முன் கதிரைக்குக் கீழ தானா மடிஞ்சு போட்டுது, தலை குனிஞ்சிட்டுது. பக்கத்துச் சீற்றில ஒரு வயசான அம்மா, பேரப்பிள்ளையோட வந்தவ, ஒண்டும் கேக்கேல்லை, முகத்தையும் பாக்கேல்லை, தன்ர மடியில இருந்த கச்சான் சரைய என்ர பக்கம் நீட்டினா. நான் ரண்டு கச்சான் எடுத்தன், கோதுக்குள்ள ஒட்டியிருந்த மண் விரலில பட்டது, உடைச்சன். அந்த மண்ணின்ர நெருநெருப்பு, கச்சான் மணம், அதுக்குள்ள ஹெலிகொப்ரர் சத்தம் போயிட்டுது. பிறகும் ஒருக்கா வெளிய எழும்பிப் போய் முகம் கழுவிட்டுத்தான் வந்தன், ஆனா வந்தன். அண்டைக்குப் படம் என்ன கதையெண்டு எனக்கு இப்பவும் தெரியாது. மூண்டாவது தரம் போகேக்க தான் கதை விளங்கிப் பாத்தன்.

ஆகவே உங்களுக்கு முதல் ரண்டு தரம் சண்டைப்படம், பேய்ப்படம், போர்ப்படம் வேண்டாம். குடும்பக் கதையோ பகிடிப்படமோ பாருங்கோ. ஸ்பீக்கர் பக்கத்துச் சுவரோட இருக்காதேங்கோ. முதல் தரம் காதுக்குக் கொஞ்சம் பஞ்சு வைச்சாலும் பரவாயில்லை, பிறகு அதையும் விடுங்கோ. உடம்பு சுருங்கினா ரண்டு பாதத்தையும் நிலத்தில அழுத்தி, மூச்ச உள்ளுக்க எடுக்கிறத விட வெளிய விடுறத நீட்டி, நாலு எண்ணி எடுத்து ஆறு ஏழு எண்ணி விடுங்கோ, கையில ஏதாவது ஒண்ட, சாவிக் கோர்வையோ கச்சான் கோதோ, தடவிக்கொண்டு இண்டைக்கு என்ன திகதி, நான் எந்த ஊரில இருக்கிறன் எண்டு மனசுக்குள்ள சொல்லுங்கோ. தாங்க ஏலாட்டி வெளிய போங்கோ, ஆனா வீட்ட போகாதேங்கோ, அந்த வாசலில நிண்டு மூச்சு இறங்கினாப்பிறகு திரும்ப உள்ளுக்கப் போங்கோ, கடைசி அஞ்சு நிமிசம் எண்டாலும் இருந்திட்டு வாங்கோ. தியேட்டருக்கு வெளியிலயும் இது நடக்குதெண்டா, கதவு அடிபட்டாலும் திடுக்கிடுறது, கெட்ட கனவு, நித்திரை இல்லை, பழைய விசயங்கள் கண்ணுக்கு முன்னால வாறது எண்டா, தனியப் போராடாதேங்கோ, மாவட்ட ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்குது, அங்க போறது பல்லுக்கொதிக்குப் போற மாதிரித்தான். போக முதல் ஆரோடயாவது கதைக்க வேணுமெண்டா தேசிய மனநல நிறுவகத்தின்ர 1926 இலக்கத்துக்கு அடியுங்கோ.

சனத்தின்ர வாயப் பற்றியும் கேட்டனீங்கள். ஒருத்தரும் பாக்க மாட்டினம் எண்டு நான் பொய் சொல்ல மாட்டன், கிளிநொச்சி சின்ன ஊர், தெரிஞ்ச ஆரும் கண்டா அண்டு பின்னேரமே அம்மாவுக்குச் செய்தி வந்திடும். அதால போக முதலே அம்மாவிட்ட நீங்களே சொல்லிப்போடுங்கோ, "அம்மா நான் வியாழக்கிழமை படத்துக்குப் போறன், தனியத்தான், ஆறு மணி பஸ்ஸில திரும்பி வருவன்" எண்டு. அவ ரண்டு நாள் முணுமுணுப்பா. கந்தோரில கூட்டம் எண்டு பொய் சொல்லிட்டுப் போனா படம் முழுக்க ரண்டு பயத்தோட இருக்க வேண்டி வரும். ஆரும் கேட்டா "படம் பாக்க வந்தனான்" எண்ட அந்த ஒரு வசனம் போதும், சிநேகிதி வரேல்லை, வருவா எண்டெல்லாம் காரணம் அடுக்காதேங்கோ.

பாதுகாப்பு வேற விசயம், அதையும் பயத்தையும் ஒண்டாக் குழைக்காதேங்கோ. பெண்பிள்ளை பகல் காட்சிக்குப் போறதும், குடும்பம் இருக்கிற வரியில இருக்கிறதும், கடைசி பஸ் எத்தினை மணிக்கெண்டு கேட்டு வைக்கிறதும் புத்தி. ஆரும் கரைச்சல் குடுத்தா சத்தமா எழும்பி வேற சீற்றுக்கு மாறி தியேட்டர்காரரிட்டச் சொல்லுங்கோ, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938 போனில இருக்கட்டும்.

இன்னொண்டு, படம் முடிஞ்சு வெளிய வந்தோண்ண ஒரு வெறுமை வரும். பயம் இல்லை, கதைக்க ஆள் இல்லை. முந்தி மூண்டு பேரும் பஸ்ஸில "அந்த சீன் பாத்தியாடி" எண்டு வீடு மட்டும் கதைச்சுக்கொண்டு வந்திருப்பியள். உங்கட கேள்விய வாசிக்கேக்க எனக்கு நீங்கள் பயத்தால மட்டும் திரும்பினதாத் தெரியேல்லை, அவை இல்லாமப் போறது அவைய விட்டிட்ட மாதிரி உங்களுக்கு இருந்திருக்கும். ஆறு மணிக்கு நீங்கள் பஸ்ஸில ஏறேக்க, கோடை காலமெண்டா ரொறொன்ரோவில காலம எட்டரை, அவ வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருப்பா. யன்னல் பக்கம் இருந்து, மாங்குளம் வரும் மட்டும், படத்தில பிடிச்சது பிடிக்காதது எல்லாத்தையும் வொய்ஸில சொல்லி அனுப்பிவிடுங்கோ, மன்னாரில இருக்கிற மற்றாளுக்கும் சேத்து.